பதில் வராத வெள்ளிக்கிழமை

அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிற பிள்ளைகளுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தாருங்கள் என்று ரமணன் கேட்டுக் கனநாளாகிறது. என்னிடம் நல்ல வார்த்தை அவ்வளவாக மிச்சமில்லை. நாய்க்கு வேலையுமில்லை, நிற்க நேரமுமில்லை என்பார்களே, ஓய்வு பெற்ற பிறகு நான் ஊரில், பண்டத்தரிப்பில், அந்த மாதிரித்தான் கிடக்கிறேன். காலையில் பக்கத்துத் தோட்டத்துத் தண்ணீர் இறைப்பு மெசின் எழுப்பிவிடும். பிறகு முழங்கால் வலிக்கும். பின்னேரம் மறுபடியும் முழங்கால் வலிக்கும். இதற்கிடையில் எழுதியது இது. வேண்டுமானால் வாசியுங்கள்.

வேலையில் சேர்ந்த அன்றே உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். ஆபிரிக்காவில் அடுத்தடுத்து இருக்கிற மூன்று நாடுகள். நாட்டுக்கு ஒரு கொள்கை ஆய்வு நிறுவனம். மூன்றையும் சேர்த்துவைத்து வேலை செய்விக்கிற இணைப்பு அலுவலகம், யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், சப்பாத்துக் கடைக்கு மேல்மாடியில். ஆபிரிக்காவின் வேலைக்கு யாழ்ப்பாணத்தில் என்ன அலுவலகம் என்று வீட்டில் கேட்டிருப்பார்கள். என் வீட்டிலும் கேட்டார்கள். முதல் காரணம், நாங்கள் மலிவு. இரண்டாவது காரணம், அந்த மூன்று பேரும் ஒருவரையொருவர் நம்பமாட்டார்கள். தாங்கள் திரட்டிய தரவை அடுத்த நாட்டுக்காரருக்குக் கொடுக்க மாட்டார்கள், எங்களுக்குத் தருவார்கள். அவர்களுடைய எல்லையில் எங்களுக்குக் காணி இல்லை, அவர்களுடைய சோளத்தில் எங்களுக்குப் பங்கும் இல்லை.

நாடுகளின் பெயரை நான் எழுதப்போவதில்லை. ஒன்றைத் துறைமுக நாடு என்கிறேன், ஒன்றைச் சுரங்க நாடு என்கிறேன், மூன்றிலும் சிறியதை ஏரிக்கரை நாடு என்கிறேன். உங்களுக்கு எது எதென்று தெரியும். வெளியில் சொல்லித் திரியாதீர்கள்.

முதல் கூட்டத்தை யாழ்ப்பாணத்தில்தான் வைத்தோம். ஒருவருடைய தலைநகருக்கு மற்றவர் போகமாட்டேன் என்று நின்றால் வேறு என்ன செய்வது? சோளத்தைப் பற்றியும் எல்லை வர்த்தகத்தைப் பற்றியும் கதைக்க வந்தவர்கள், முதல் நாள் முழுவதும் அறிக்கையின் அட்டையில் யாருடைய பெயர் முதலில் வரவேண்டும் என்று கதைத்தார்கள். அகரவரிசையில் போடுவோம் என்றேன். நாட்டின் பெயருக்கா நிறுவனத்தின் பெயருக்கா என்று துறைமுகத்து இயக்குநர் கேட்டார். அவர் கலியாண வீட்டில் மாப்பிள்ளையாகவும் செத்தவீட்டில் பிணமாகவும் இருக்க விரும்புகிற மனிதர். நல்ல மூளை, அதைவிட நல்ல குரல். கடைசியில் மூன்று விதமான அட்டை அடித்தோம். அவரவர் நாட்டுக்குப் போகிற பிரதியில் அவரவர் பெயர் முதலில். இன்றைக்கும் அப்படித்தான் அடிக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். சிரிக்காதீர்கள், ஒத்துழைப்பு என்று பெரிதாகச் சொல்வதில் பாதி இந்த மாதிரி வேலைதான்.

அந்தக் கூட்டத்துக்கு ஏரிக்கரை நாட்டிலிருந்து வந்தவள் கிரேஸ். சின்ன நிறுவனம், நாலைந்து பேர், அவள்தான் இயக்குநர். மற்றவர்கள் நல்லூரைப் பார்த்துவிட்டு, நண்டுக் கறி சாப்பிட்டுவிட்டு விடுதிக்குப் போய்விட, அவள் மட்டும் என் வீட்டைப் பார்க்கவேண்டும் என்றாள். சின்ன வயதிலேயே தாயை இழந்தவள். என் அம்மாவைக் கண்டதும் காலடியில் குந்தியிருந்துவிட்டாள். அம்மாவுக்கு இங்கிலீசு வராது, அவளுக்குத் தமிழ் வராது, நடுவில் நான் மொழிபெயர்த்துக் களைத்துப்போனேன்.

"பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் புட்டு வை. பார், வடிவாச் சாப்பிடுறாள்" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தா. சாப்பிட்டு முடிய, சண்டைக் காலத்துக் கதை ஒன்றை எடுத்தா. நான் அப்போது யாழ்ப்பாணத்தில் வேலை. ஒரு பின்னேரம் வீட்டுக்குப் போன் எடுத்து "அம்மா, வீட்டை வர வெளிக்கிடுறன்" என்றேன். அந்த நேரம் வீட்டைச் சோதிக்க வந்தவர்கள் அம்மாவுக்குப் பக்கத்திலேயே நின்றிருக்கிறார்கள். அம்மா நிதானமாக, "ஓம் பிள்ளை, பெரியப்பா சாப்பிட்டிட்டுப் படுத்திட்டார்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டா. பெரியப்பா செத்து எத்தனையோ வருடம். நான் வீட்டுக்குப் போகவில்லை. சிநேகிதி வீட்டில் தங்கினேன்.

இதை நான் இங்கிலீசில் சொல்லி முடிக்கக் கிரேஸ் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அந்தப் பெரியப்பா எப்படிப்பட்டவர் என்று கேட்டாள்.

"அவர் உயிரோடை இருக்கேக்கை ஒருத்தருக்கும் உதவேல்லை. செத்த பிறகுதான் உதவினவர்" என்றா அம்மா.

அடுத்த வருடம் அம்மா போய்விட்டா. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று கிரேஸ் போன் எடுத்து, கதைக்க முடியாமல் அழுதாள். இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். பொறுங்கள், வருகிறேன்.

இனி விதியைப் பற்றி. நீங்களும் அதைத்தான் பின்பற்றுகிறீர்கள். ஒரு வரைவை மூன்று பேருக்கும் அனுப்புவோம். அவர்களுடைய நேரப்படி வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் மறுப்பு எழுதாவிட்டால், சம்மதம் என்று எடுத்துக்கொள்வோம். எனக்கு முன் இணைப்பாளராக இருந்த ஐயா கொண்டுவந்தது. "எல்லாரும் ஓமெண்டு சொல்லட்டும் எண்டு காத்திருந்தால் நீர் நரைச்சுப்போவீர் பிள்ளை" என்று சொல்லித்தான் என்னிடம் இணைப்பாளர் கதிரையைத் தந்தார். அவர் சொன்னது சரிதான். அந்த விதி இல்லாத காலத்தில் ஒரு சின்னக் கட்டுரை மாதக்கணக்கில் மின்னஞ்சலில் சுற்றும், ஆளுக்கொரு சொல்லை மாற்றுவார்கள், கடைசியில் அதில் ஒரு கருத்தும் மிஞ்சாது. மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்று எங்கள் ஆட்களும் சொல்லியிருக்கிறார்கள்தானே. நான் அந்த விதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

பிரச்சினை சோளத்தில் வந்தது. ஏரிக்கரை நாட்டு அரசாங்கம் சோளத்தை வெளியே விற்கத் தடை போட்டது. விளைந்த பக்கத்தில் விலை விழுந்தது, எல்லைக்கு அப்பால் விலை ஏறியது. எல்லைச் சந்தைப் பெண்கள் தலையில் மூட்டையை வைத்துக்கொண்டு ஒற்றையடிப் பாதைகளால் அந்தப் பக்கம் போய் விற்றார்கள். பிடிபட்டால் மூட்டையும் போகும், மறியலிலும் அடைப்பார்கள். தடையை எடுக்கவேண்டும் என்று மூன்று நிறுவனமும் சேர்ந்து ஓர் அறிக்கை எழுதி, திங்கட்கிழமை கூடுகிற மூன்று நாட்டு மந்திரிமார் கூட்டத்தில் வைப்பதாக ஏற்பாடு. மூன்று பெயரும் இருந்தால்தான் நிகழ்ச்சி நிரலில் சேர்ப்போம் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள்.

அறிக்கைக்கு உயிர் கிரேஸின் தரவு. அவளே சந்தையில் போய், அந்தப் பெண்களோடு நிலத்தில் குந்தியிருந்து கதைத்து எடுத்தது. எந்தப் பாதையால் போகிறார்கள், எந்த வீட்டில் மூட்டையை இறக்கிவைக்கிறார்கள் என்பதெல்லாம் அதில் இருந்தது. உங்களுக்கு ஒன்றும் வராது என்று அவர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். எத்தனை மூட்டை போகிறது என்று கணக்கிடத்தான் எங்களுக்குத் தந்தாள். எங்களைத் தவிர வேறு ஒருவரிடமும் அது இல்லை.

கடைசி வாரத்தில் துறைமுகத்து இயக்குநருக்கு ஒரு யோசனை வந்தது. மந்திரிமார் எழுத்தை வாசிக்கமாட்டார்கள், படத்தைப் பார்ப்பார்கள், அந்தப் பாதைகளையெல்லாம் காட்டுகிற ஒரு வரைபடம் கடைசிப் பக்கத்தில் வரட்டும் என்றார். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. தடை போட்டும் பலனில்லை என்று காட்டுவதற்கு அதைவிட நல்ல வழி இல்லை என்று நானும் நினைத்தேன். வரைபடம் சேர்க்கப்படும் என்று வரைவில் ஒரு வரி எழுதி மூன்று பேருக்கும் அனுப்பினோம். ரமணன் நாள்கணக்காகக் கணினிக்கு முன்னால் இருந்து படத்தைக் கீறினார். அப்போது அவர் உங்களைப் போலப் புதியவர். அது அவருடைய முதல் பெரிய வேலை. அவ்வளவு வடிவான படத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை, பிறகும் கண்டதில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. எங்களுக்குப் பின்னேரம், அவர்களுக்கு மத்தியானம்.

"அக்கா, துறைமுகம் ஓம். சுரங்கமும் ஓம். ஏரிக்கரையிலை இருந்து ஒண்டும் இல்லை. நேரம் முடிஞ்சுது, அனுப்பட்டோ?" என்றார் ரமணன்.

"கொஞ்சம் பொறும்."

"ஏனக்கா? ரூல் இருக்கெல்லோ. பதில் இல்லையெண்டால் ஓமெண்டுதானே அர்த்தம்."

"கிரேஸ் பதில் போடாமல் இருக்கிற ஆளோ?"

"அங்கை கரண்ட் இல்லையாக்கும்."

கிரேஸ் எல்லாவற்றுக்கும் பதில் போடுவாள். தீபாவளிக்கு அலுவலகம் பூட்டு என்று நாங்கள் அறிவித்தாலும், வாழ்த்துச் சொல்லி, என் முழங்காலைச் சுகம் விசாரித்து எழுதுவாள். இந்த முறை வாரம் முழுவதும் ஒரு சொல்லும் இல்லை. அதற்குள் துறைமுகத்தார் போனில் வந்துவிட்டார். "மந்திரியின் செயலாளர் எனக்கு முன்னால் காத்திருக்கிறார். அச்சகத்தில் ஆள் நிற்கிறது. உங்களுக்கு என்ன தாமதம்?" பத்து நிமிடம் தாருங்கள் என்றேன். எதற்கு என்று கேட்டார். எனக்கே தெரியவில்லை.

கிரேஸுக்குப் போன் எடுத்தேன். என்னை எப்போதும் சகோதரி என்றுதான் கூப்பிடுவாள்.

"வணக்கம், மேடம்" என்றாள்.

"கிரேஸ், வரைவு பார்த்தாயா? படத்தைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே?"

"இங்கே எல்லாம் நல்லபடி, மேடம். மழையும் பரவாயில்லை. உங்கள் அம்மா எப்படி இருக்கிறார்?"

அம்மாவின் ஆண்டுத் திவசமும் முடிந்திருந்தது. அந்தியேட்டியன்று அழுதவள் அவள். ஒரு கணம் கோபம் வந்தது, இவளுக்கு என்ன விசரோ என்று. பிறகுதான் பெரியப்பா ஞாபகம் வந்தார்.

"அம்மா சாப்பிட்டுப் படுத்துவிட்டா" என்றேன்.

"நல்லது. அவரை எழுப்பவேண்டாம்" என்றாள். போன் வைக்கப்பட்டது.

கீழே பஸ்காரன் காரைநகர், காரைநகர் என்று கத்திக்கொண்டிருந்தான். யாரோ அவளுக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அந்தப் படம் வெளியே போனால் அந்தப் பெண்களை வீட்டில் வைத்தே பிடிக்கலாம். படம் இருப்பது எங்கள் மாடியில் மட்டும்தான். இதை எவருக்கும் சொல்லவும் முடியாது. கிரேஸ் மறுக்கிறாள் என்று சொன்னால் ஏன் என்பார்கள், ஏன் என்று சொன்னால் அவள் தொலைந்தாள். துறைமுகத்தாருக்கு இரகசியம் தங்காது, செயலாளர் வேறு முன்னால் இருக்கிறார்.

துறைமுகத்தாருக்குப் போன் எடுத்து, வரைபடத்தில் பெரிய பிழை வந்துவிட்டது, அனுப்பமுடியாது, எழுத்து மட்டும் வரும் என்றேன்.

"யாருடைய பிழை?"

"என்னுடையது. நான் சரிபார்க்கவில்லை."

அவர் பேசிய பேச்சை இங்கே எழுதமாட்டேன். படம் இல்லையென்றால் எங்கள் பெயரும் இல்லை என்று முடித்தார்.

திரும்பினால் ரமணன் நிற்கிறார். முகம் கறுத்துப்போயிருந்தது.

"அக்கா, படத்திலை ஒரு பிழையும் இல்லை. ரெண்டு தரம் ஒத்துப் பார்த்தனான்."

"படத்தை அழியும்."

"என்னக்கா கதைக்கிறியள்? விசரே உங்களுக்கு? எத்தினை நாள் இருந்து கீறினனான்!"

"ரமணன், கேள்வி கேக்காமல் அழியும். எல்லா இடத்திலையும் அழியும்."

அழித்தார். அழித்துவிட்டு, போயிட்டு வாறன் என்றுகூடச் சொல்லாமல் தன் ஊருக்கு, வல்வெட்டித்துறை பஸ்ஸுக்குப் போய்விட்டார். வல்வெட்டித்துறை ரோசம் உங்களுக்குத் தெரியும். அதன்பிறகு கனகாலம் என்னோடு அலுவலாக மட்டும்தான் கதைத்தார். நான் அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன். வெற்று மாடியில் இருந்து நன்றாக அழுதேன்.

திங்கட்கிழமை அறிக்கை நிரலில் ஏறவில்லை. தடை இன்னொரு போகத்துக்கு நீடித்தது. ஒரு பக்கம் சோளம் வண்டு பிடித்துக் கிடந்தது, மறுபக்கம் சனம் இரட்டை விலைக்கு வாங்கித் தின்றது. அந்தப் பெண்களும் அதே மூட்டையோடு அதே பாதையால்தான் போயிருப்பார்கள். எந்த முடிவால் யாருக்கு எவ்வளவு கெடுதல் என்று நான் எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். விடை வரவில்லை. இப்போது யோசிக்கிறதையும் விட்டுவிட்டேன், களைப்பாக இருக்கிறது.

அடுத்த வருடம் இணைப்பாளர் பதவியை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். ஓய்வு பெறும்வரை நான் அறிக்கைகளுக்கு எழுத்துப்பிழை பார்த்தேன். பிரியாவிடையின்போது திரையில் வந்த துறைமுகத்தார், அந்த ஒரு தவறைத் தவிர மற்றப்படி அருமையான ஊழியர் என்று பெருந்தன்மையாகச் சொன்னார். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

அன்று நடந்ததை, நான் ஓய்வு பெற முதல் ஒரு கூட்டத்துக்குப் போன இடத்தில், நடைகூடத்தில் வைத்துத்தான் கிரேஸ் சொன்னாள். அந்த வாரம் முழுவதும் அரசாங்க ஆட்கள் இரண்டு பேர் அவளுடைய மேசைக்கு முன்னால் இருந்திருக்கிறார்கள். வரைவை வாசித்து, வரைபடம் வரப்போகிறது என்று தெரிந்து வந்தவர்கள். எங்கள் விதியும் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அவளிடம் தரவைக் கேட்கவில்லை, அவளை மிரட்டி எழுதச் சொல்லவும் இல்லை. ஒன்றே ஒன்றுதான் சொன்னார்களாம், வெள்ளிக்கிழமை மத்தியானம் வரை நீ ஒன்றும் எழுதாதே என்று.

அவள் எழுதாவிட்டால் படம் தானாகவே அவர்கள் கைக்கு வந்துவிடும். நாங்கள் போட்ட விதி, அவர்கள் வேலையை எவ்வளவு சுகமாக்கியிருக்கிறது பாருங்கள். சண்டைக் காலத்தில் நாங்கள் எத்தனை வருடம் வாய் திறக்காமல் இருந்தோம்? அது சம்மதத்தாலா? ஊரிலுள்ள சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விசயம். அதே ஊரில், அதே மாடியில் இருந்துகொண்டு, பதில் போடாவிட்டால் சம்மதம் என்று வேறு நாட்டுக்காரருக்கு எழுதி அனுப்பிக்கொண்டிருந்தோம். நினைத்தால் எனக்கு இன்றும் பற்றி எரிகிறது.

விதியை மாற்றவேண்டும் என்று கேட்டுப் பார்த்தேன். காரணத்தை எழுத்தில் தாருங்கள் என்றார்கள். எழுத்தில் எதைத் தருவது? அது அப்படியே நிற்கிறது. அது இல்லாமல் உங்களுக்கு வேலை ஓடாது என்பதும் எனக்குத் தெரியும், ஆகவே பின்பற்றுங்கள். ஆனால் வழமையாகப் பதில் போடுகிற ஒருவர் போடாவிட்டால் போனை எடுத்துக் கதையுங்கள். அறிக்கையைப் பற்றிக் கேட்கவேண்டாம். வீட்டில் எல்லாரும் சுகமா என்று கேளுங்கள். அதற்கு முதலே அவர்களுடைய வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று நீங்கள் அறிந்துவைத்திருக்கவேண்டும். அது ஒரு பின்னேரத்தில் வருகிற வேலை இல்லை.

இதை இப்போது எழுதக் காரணம், தடை எடுபட்டுவிட்டது, அந்த இரண்டு பேரும் வேறெங்கோ மாறிப் போய்விட்டார்கள். நாட்டின் பெயரை மட்டும் விட்டுவிட்டு எழுதுங்கள் என்று கிரேஸும் சொல்லிவிட்டாள்.

ரமணன், இப்போது நீர் அந்த மாடிக்குத் தலைவர். இதை முதலில் நீர்தான் வாசிப்பீர். அன்று நீர் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். நீர் கீறின படம் சரி. ஒரு பாதைகூடப் பிசகவில்லை. அதனால்தான் அழிக்கச் சொன்னேன்.

கிரேஸ் இன்னும் போன் எடுப்பாள், பெரும்பாலும் வெள்ளிக்கிழமைகளில். உங்கள் அம்மா எப்படி என்று கேட்பாள். சாப்பிட்டுப் படுத்துவிட்டா என்பேன். உன் அம்மா எப்படி என்று நான் கேட்பேன்.

"அவரா? விடியவே மூட்டையோடு சந்தைக்குப் போய்விட்டார், சகோதரி" என்பாள்.